இங்கே சாதியைக் காப்பது யார்?



இம்மாத இதழைக் கேமரன் மலைக்கு ஒதுக்கியிருக்கிறோம். பனியையும் ஸ்ட்ராபெரித் தோட்டங்களையும் பற்றி எழுத ஆள் நிறைய உண்டு. நாங்கள் உங்களிடம் கேட்டது அந்தச் சரிவுகளில் கொழுந்துக் கூடை சுமந்த குடும்பங்களின் கதையை. தானா ராத்தா, ரிங்லெட், பிரிஞ்சாங், ஹாபு என்று மலையின் எல்லாப் பக்கத்திலிருந்தும் கடிதங்கள் வந்தன. அட்டைக்கடி, விடியற்காலையில் ஆள் எண்ணும் பெரட்டு, ஆயாக் கொட்டகையில் விட்டுப்போன கைக்குழந்தை, மழையில் நனைந்தபடியே நிறுவைக்கு நின்ற வரிசை என எல்லாவற்றையும் உள்ளே படிப்பீர்கள்.

தானா ராத்தாவிலிருந்து வந்த ஒரு கடிதத்தை மட்டும் மற்றவற்றோடு சேர்க்க மனம் வரவில்லை. எழுதியவர் தோட்டத்தில் பிறந்தவர், தமிழ்ப்பள்ளியில் படித்தவர், இன்று நல்ல வேலையில் இருப்பவர். பாட்டி கொழுந்து பறித்ததையும் அப்பா தேயிலை ஆலையில் இரவு முழுக்க நின்றதையும் மூன்று பக்கம் எழுதியிருந்தார். நான்காம் பக்கத்தில் தன்னைப் பெண் பார்க்க வந்தவர்களைப் பற்றி எழுதியிருந்தார். ஜாதகம் பொருந்தியது, படிப்பு பொருந்தியது, காப்பி குடித்தாயிற்று. கிளம்பும் நேரத்தில், “உங்க தாத்தா ஊருல என்ன ஆளுங்க?” என்று ஒரு பெரியவர் கேட்டிருக்கிறார். அப்பா ஊர்ப் பெயரைச் சொன்னார். ஊரில் எந்தப் பக்கம் என்று அடுத்த கேள்வி வந்தது. அதையும் சொன்னார். வந்தவர்களிடமிருந்து அதன்பிறகு போன் வரவில்லை. “இதையும் போடுங்கள், ஆனால் என் பெயர் வேண்டாம்” என்று கடிதத்தை முடித்திருந்தார்.

தோட்ட நிர்வாகத்தின்மேல் புகார், அமைச்சரின்மேல் கண்டனம், எங்கள் இதழின்மேலேயே கோபம் என்று எதையும் பெயரும் முகவரியும் போட்டு எழுதுகிறவர்கள் நம் வாசகர்கள். இந்த ஒரு விஷயத்தில் பெயரை மறைக்க வேண்டியிருக்கிறது. அதுவும் கேட்டவர் மறைக்கவில்லை, கேட்கப்பட்டவர் மறைக்கிறார். மறைத்துக்கொள்ளும்படி அந்தப் பெண் எந்தத் தவறும் செய்யவில்லை. இம்மாதம் இந்தப் பக்கம் அவருக்காக.

இந்த மலையின் தேயிலைக் கதையை 1929-இல் தொடங்குவது வழக்கம். ஜே.ஏ. ரஸ்ஸல், இலங்கையில் தேயிலை பயிரிட்டுத் தேர்ந்த ஏ.பி. மில்னைத் துணைக்கு வைத்துக்கொண்டு ‘போ’ (BOH) தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய ஆண்டு அது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1933-இல், பாரத் தோட்டம் வந்தது. அந்த 1929-இல் வேறு இரண்டு காரியங்களும் நடந்தன. பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்தது. டிசம்பரில் பெரியார் ஈ.வெ.ரா. கப்பலேறி மலாயாவுக்கே வந்தார். ஈப்போவில் கூடிய தமிழர் சீர்திருத்த மாநாட்டில் பேசினார். மலையில் தேயிலைக் கன்று ஊன்றிய காலமும், சாதியை விடு என்ற குரல் கடல் தாண்டி இங்கே கேட்ட காலமும் ஒன்றுதான். தேயிலை வேர்பிடித்து ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆகிறது. அந்தக் குரலுக்கு என்ன ஆயிற்று என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டாமா?

மலாயாத் தோட்டங்களுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் திருச்சி, தஞ்சாவூர், சேலம், வடார்க்காடு, தென்னார்க்காடு, செங்கல்பட்டு மாவட்டத்து ஏழைகள். அவர்களில் கணிசமானோர் பறையர், பள்ளர் என்று ஊர் ஒதுக்கி வைத்த மக்கள். ஏன் வந்தார்கள் என்பதற்கு நில ஆவணங்களே சாட்சி. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமன்ஹீர் என்ற ஆங்கிலேயர், தம் மாவட்டத்துப் பறையர் எப்படி நிலமில்லாமல், குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாமல் மிராசுதாரரின் தயவில் வாழ்கிறார்கள் என்று விரிவாக அறிக்கை எழுதினார். அதன் பயனாக 1892 முதல் சுமார் 12 லட்சம் ஏக்கர் அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. பஞ்சமி நிலம் என்று இன்றும் சொல்கிறோமே, அதுதான். அதில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போயிற்று. அதை மீட்கக் கேட்டுச் செங்கல்பட்டில் 1994-இல் போராடியவர்களில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள். தஞ்சையிலோ பண்ணையாள் முறை. பண்ணையாளுக்கு உழுத நிலம் மட்டுமல்ல, உழைத்த உடம்பும் சொந்தமில்லை. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த கூலி முகாம்களுக்குப் பசி மட்டும் அவர்களைத் தள்ளவில்லை. தலை நிமிர்ந்து நடக்க ஓர் இடம் கிடைக்காதா என்ற எண்ணமும் தள்ளியது.

ஆனால் அவர்களை அழைத்துவந்த கங்காணி, ஊரையும் கூடவே கப்பலேற்றினார். தன் ஊரில், தன் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்களிடையே ஆள் பிடித்து வருவதுதான் கங்காணி முறை. கங்காணிகளில் பலர் ஊரில் கொஞ்சம் நிலமும் செல்வாக்கும் உள்ள சாதியினர். தான் கொண்டுவந்த ஆட்களில் எத்தனை பேர் பெரட்டுக்கு வந்தார்கள் என்று எண்ணித் தோட்டம் அவருக்குத் தனியாகப் பணம் கொடுத்தது. தாழ்த்தப்பட்டவர்கள் சொன்னதைக் கேட்டு அடங்கி நடப்பார்கள் என்று துரைமாரும் அவர்களை விரும்பி எடுத்தார்கள். பல தோட்டங்களில் அந்த மக்களுக்குத் தனி லயம், அதாவது தனி வீட்டு வரிசை, இருந்தது. சில இடங்களில் மாரியம்மன் கோயில் ஒரு சாராருக்கு, காளியோ முனியாண்டியோ இன்னொரு சாராருக்கு. ஆர்.கே. ஜெயின் 1970-இல் வெளியிட்ட தோட்ட ஆய்வும், இராஜகிருஷ்ணன் இராமசாமி 1984-இல் மலேசியத் தமிழரின் சாதி உணர்வு பற்றி எழுதிய நூலும் இவற்றைப் பதிவு செய்திருக்கின்றன. சாதி இங்கே எப்போதுமே இருந்ததில்லை என்று சொல்கிறவர்களுக்கு இவ்விரண்டு நூல்களையும் சிபாரிசு செய்கிறேன்.

கங்காணி முறை 1938-இல் இந்திய அரசு கூலிகளை அனுப்புவதை நிறுத்தியதோடு முடிந்தது. அதற்குள் கங்காணி வீட்டார் கடை வைத்தார்கள், மாடு வாங்கினார்கள், வட்டிக்குக் கொடுத்தார்கள், பிள்ளைகளைப் பட்டணத்து ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினார்கள். லயத்துப் பிள்ளைகள் தோட்டத்துப் பள்ளியோடு நின்று பால்மரத்துக்கும் தேயிலைக்கும் போனார்கள். ஊரில் சாதியாக இருந்த உயர்வு இங்கே வசதியாக உருமாறியது. இன்று “எங்கள் குடும்பம் உழைத்து முன்னேறியது” என்று பெருமையோடு சொல்லும் பலருக்கு, அந்த ஓட்டத்தில் யார் எந்தக் கோட்டிலிருந்து புறப்பட்டார்கள் என்பது நினைவில் இருப்பதில்லை.

நடந்த நல்லதையும் சொல்ல வேண்டும். எனக்கு அது பெரிதாகவே படுகிறது. தோட்டத்தில் ஒரே பெரட்டு, ஒரே கூலி, ஒரே தண்ணீர்க் குழாய். ஊரில் சேரிக்கும் ஊருக்கும் நடுவே கிடந்த வயல்வெளி இங்கே இல்லை. தீட்டுப் பார்த்தால் நிரை பிடித்துக் கொழுந்து பறிக்க முடியாது. யாருக்கும் இங்கே பரம்பரை நிலம் இல்லை, அதனால் நிலத்தைக் காட்டி யாரையும் மிரட்ட முடியவில்லை. இன்று தானா ராத்தா பெரிய வீதியில் உள்ள எந்தத் தமிழர் உணவகத்தில் நுழைந்தாலும் தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் செமாய் பழங்குடி மக்களும் நேப்பாளத் தொழிலாளியும் ஒரே வகைக் கண்ணாடிக் குவளையில் தே தாரேக் குடிக்கிறார்கள். நாம் அதைக் கவனிப்பதுகூட இல்லை.

அந்தக் குவளைக்காக மற்ற இடங்களில் தமிழர்கள் எவ்வளவு அடிபட்டார்கள் தெரியுமா? தமிழ்நாட்டுக் கிராமத்து டீக்கடைகளில் தலித் மக்களுக்குத் தனிக் குவளை, அதையும் குடித்தவரே கழுவி வைக்க வேண்டும் என்ற இரட்டைக் குவளை முறை சட்டம் வந்து பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும் நீடித்தது. யாழ்ப்பாணத்தில் தேநீர்க்கடைக்குள் நுழைவதே ஒரு போராட்டமாக நடந்தது. 1966 அக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலம் போலீஸ் தடியடியையும் தாண்டிப் போயிற்று. அடுத்த இரண்டு ஆண்டுகளில் சங்கானை உள்ளிட்ட ஊர்களில் தேநீர்க்கடை நுழைவுக்காக இரத்தம் சிந்தினார்கள். 1968-இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் மறியல் நடந்தது. நாவலாசிரியர் கே. டானியல் அந்தப் போராட்டங்களில் நின்ற மனிதர், பிறகுதான் அவற்றை எழுதினார். அந்தக் கடைகளில் கொதித்த தேயிலையைப் பறித்தவர்கள் இலங்கை மலையகத்துத் தமிழர்கள், அவர்களிலும் பெரும்பங்கு தாழ்த்தப்பட்ட மக்கள். பறித்தவர் கை பட்ட இலை கடைக்குள் போயிற்று. அவருடைய இனத்தார் வெளியே நிறுத்தப்பட்டார்கள்.

இதெல்லாம் பழங்கதை என்று தள்ள முடியாது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலந்திருந்தது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் மக்களைத் தடுத்து நின்ற சுவரின் ஒரு பகுதியை இடித்து வழி திறந்தது 2008 மே மாதத்தில்தான்.

நம் நாட்டிலும் போராடாமல் எதுவும் வரவில்லை. பெரியார் வந்து போன பிறகு சிங்கப்பூரிலும் மலாயாவிலும் சீர்திருத்தச் சங்கங்கள் வேகம் பிடித்தன. கோ. சாரங்கபாணி 1935-இல் ‘தமிழ் முரசு’ தொடங்கிச் சாதி வேறுபாட்டுக்கு எதிராக ஆண்டுக்கணக்கில் எழுதினார். 1952-இல் அவர் முன்னின்று தொடங்கிய தமிழர் திருநாள், எந்தச் சாதியும் எந்தச் சமயமும் கேட்காத விழாவாக உருவானது. 1943-இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் இருந்தபோது செட்டியார் கோயிலில் தசரா விழாவுக்கு அவரை அழைத்தார்கள். எல்லாச் சாதியாரும் எல்லாச் சமயத்தாரும் உள்ளே வரலாம் என்றால்தான் வருவேன் என்றார் அவர். கோயில் நிர்வாகம் சம்மதித்தது. தம் முஸ்லிம் தோழர் ஆபித் ஹசன் உள்ளிட்ட அதிகாரிகளோடு உள்ளே போனார். இந்திய தேசிய ராணுவத்தில் தோட்டத்துப் பையன்களும் பெண்களும் ஒரே அடுப்பில் சமைத்ததைத் தின்றார்கள். போர் முடிந்ததும் கெடாவில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை மறித்தது. தோட்ட மக்களை ஒரே அணியாக நிறுத்த முயன்றவர்கள் அவர்கள். போர்க்காலத்தில் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதையில் செத்து விழுந்தவர்களை எந்தச் சாதி என்று பார்த்து அவர்கள் அடிக்கவில்லை. இவ்வளவையும் ஒன்றாகப் பட்ட சமூகம் நாம்.

2011-இல் நடந்ததையும் இங்கே சொல்லியாக வேண்டும். தேசிய இலக்கியவாதி அப்துல்லா ஹுசேன் எழுதி 1971-இல் வெளிவந்த ‘இன்டர்லோக்’ என்ற மலாய் நாவல் ஐந்தாம் படிவத்துக்குப் பாடநூலாக வந்தது. அதில் வரும் மணியம் என்ற தமிழரையும் அவரோடு வந்தவர்களையும் ‘பரியா’ சாதி என்று நாவல் குறிப்பிட்டது. நாடு முழுதும் நம் மக்கள் கொதித்தார்கள். கூட்டங்கள், மனுக்கள், கைதுகள் எல்லாம் நடந்தன. அரசு குழு அமைத்தது, திருத்தம் பேசியது. ஆண்டு முடிவதற்குள் நாவல் பள்ளியிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. ஒரு சமூகத்தையே இழிசொல்லால் குறிக்கும் வாசகத்தைப் பதினேழு வயதுப் பிள்ளைகள் வகுப்பில் உரக்கப் படிக்கக் கூடாது என்று எழுந்த கோபம் நியாயமானது. அதில் எனக்கு ஐயமில்லை.

அந்தக் கோபத்தில் இன்னொன்றும் கலந்திருந்தது. “எங்களைப் போய் அவர்கள் என்று எப்படிச் சொல்லலாம்?” என்றார்கள் பலர். வந்தவர்கள் எல்லோரும் அந்தச் சாதி இல்லை, உயர்ந்த சாதிக்காரர்களும் வந்தார்கள் என்று புள்ளிவிவரத்தோடு வாதாடினார்கள். அந்தக் கூட்டத்தில், அதே கோஷத்தை எழுப்பிக்கொண்டு, அந்தச் சாதியில் பிறந்த தமிழரும் நின்றிருப்பாரே, அவர் அதைக் கேட்டு என்ன நினைத்திருப்பார்? அவருடைய தாத்தா பெயரே வசையாகிக் கிடக்கிறது. பக்கத்தில் நின்ற தோழர் அந்த வசையை மறுக்கவில்லை, அது தனக்குப் பொருந்தாது என்று மட்டும்தான் சொல்கிறார். “ஆம், எங்கள் முன்னோரில் அவர்களும் உண்டு. அவர்கள் இந்த நாட்டின் காட்டைத் திருத்தியவர்கள். அவர்களை இழிவாகப் பேச யாருக்கும் உரிமையில்லை” என்று சமூகம் ஒரே குரலில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாவலை வென்றோம், அந்தத் தமிழரைத் தனியே விட்டுவிட்டோம்.

டாக்டர் அம்பேத்கர் 1916 மே மாதம், இருபத்தைந்து வயதில், நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சாதி பற்றி ஓர் ஆய்வுரை படித்தார். தீட்டு, தொழில், உணவு என்று சாதிக்குப் பல அடையாளம் சொல்லப்பட்டாலும், தன் கூட்டத்துக்குள்ளேயே மணம் முடிப்பதுதான் சாதியின் உயிர்நிலை என்பது அதன் வாதம். மலேசியத் தமிழரின் நூறாண்டு வாழ்க்கை அந்த வாதத்துக்குச் சாட்சியம் சொல்கிறது. இங்கே தீட்டுப் போயிற்று, குலத்தொழில் போயிற்று, தனிக் குவளை போயிற்று, தனி லயமும் போயிற்று. போகாமல் நிற்பது கல்யாணம். அது நிற்பதால் மற்றது எல்லாம் எந்த நேரமும் திரும்பி வரலாம் என்ற நிலையில் இருக்கிறது.

பிள்ளைகள் பள்ளியில் ஒன்றாகப் படித்து, உறுமி மேளம் ஒன்றாக அடித்து, தைப்பூசத்துக்கு ஒன்றாக நடக்கிறார்கள். ஊரில் யார் தொடுவது, யார் தொடக்கூடாது என்று வரையறை வைத்திருந்த தோல் கருவி, இங்கே எல்லா வீட்டுப் பையன்களின் தோளிலும் தொங்குகிறது. பார்க்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. அந்தப் பையனுக்கு இருபத்தேழு வயதாகிக் காதலித்த பெண்ணின் பெயரைச் சொல்லும் நாளில்தான் தன் சாதி என்னவென்று முதல்முறையாகத் தெரிய வருகிறது, அதுவும் அம்மா அழும்போது. வாட்ஸ்அப்பில் சுற்றும் வரன் குறிப்புகளில் சம்பளத்துக்கு முன்பே சாதி இருக்கிறது. சில கோயில்களில் திருவிழா உபயம் நாளுக்கு ஒரு சாதி என்று இன்னும் பிரிந்து கிடக்கிறது. சாதிச் சங்கங்கள் கல்வி உதவி என்ற பெயரில் பிள்ளைகளைத் தனித்தனியே கூட்டுகின்றன. கட்சித் தேர்தல், கோயில் நிர்வாகத் தேர்தல் என்று வந்தால் யார் யாருக்கு ஓட்டுப் போடுவார்கள் என்ற கணக்கு காப்பிக்கடையிலேயே முடிந்துவிடுகிறது.

இந்த நாட்டு அரசாங்கம் நம் சாதியைக் கேட்டதே இல்லை. பிறப்புப் பத்திரத்தில் இல்லை, அடையாள அட்டையில் இல்லை, பள்ளிப் பதிவில் இல்லை, 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யும் படிவத்திலும் இல்லை. கிராமம் இல்லை, மிராசு இல்லை, பஞ்சாயத்து இல்லை. தாங்கிப் பிடிக்க ஒரு தூண்கூட இல்லாத இந்த மண்ணில் சாதியைக் கையில் ஏந்திக் காப்பாற்றி வருவது நாம்தான்: நம் வீட்டுக் கூடமும் நம் கோயில் நிர்வாகமும் நம் சங்கங்களும். ஊர்க் கட்டுப்பாடு, உறவினர் பகை, கொலை மிரட்டல் என்று தமிழ்நாட்டுக் கிராமத்தார் சொல்லும் காரணங்கள் இங்கே நமக்கு இல்லை. அதனால் நம் பொறுப்பு கூடுகிறது.

அரசு கேட்காதது நல்லதுதானே என்பீர்கள். பாதி நல்லது. இந்தியாவில் அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது, 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. சட்டம் இருந்தும் கொடுமை நடக்கிறது. ஆனால் பாதிக்கப்பட்டவர் கையில் ஒரு காகிதமாவது இருக்கிறது. இங்கே கூட்டரசு அரசியலமைப்பின் 8-ஆம் பிரிவு சமயம், இனம், வம்சாவளி, பிறப்பிடம், பால் ஆகியவற்றை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. வம்சாவளி என்பதில் சாதியும் அடங்கும் என்று ஐ.நா.வின் இனப் பாகுபாட்டு ஒழிப்புக் குழு 2002-இல் விளக்கியது. ஆனால் அந்தக் குழு கண்காணிக்கும் உடன்படிக்கையில் மலேசியா சேரவில்லை. 8-ஆம் பிரிவும் சட்டம், பொதுப் பதவி போன்ற காரியங்களுக்குத்தான் காவல், கோயில் உபயத்துக்கும் கல்யாணப் பேச்சுக்கும் அது எட்டாது. ஏழ்மைக் கணக்கு எடுத்தால் எல்லோரும் ‘இந்தியர் பி40’ (வருமானத்தில் கீழே உள்ள 40 விழுக்காட்டினர்) என்ற ஒரே கட்டத்துக்குள் போய்விடுகிறார்கள். அதற்குள் யார் தலைமுறை தலைமுறையாகக் கடைசி வரிசையில் நிற்கிறார்கள் என்று யாரும் எண்ணுவதில்லை. அமெரிக்காவில் சியாட்டல் நகராட்சி 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைச் சட்டப்படி தடை செய்தது. தெற்காசியரின் தாயகமே அல்லாத ஒரு நகரம் அதைப் பேசியது. நாம் வாய் திறக்கவில்லை.

“பேசினால்தான் சாதி வளரும், விட்டுவிட்டால் தானாகப் போய்விடும்” என்று மூத்த வாசகர்கள் சிலர் எழுதுவார்கள். அவர்களது நல்லெண்ணத்தை மதிக்கிறேன், கருத்தை ஏற்கவில்லை. இத்தனை ஆண்டுகளாக மேடையில் நாம் இதைப் பேசவில்லை. கல்யாணப் பேச்சில் பேசிக்கொண்டேதான் இருக்கிறோம். மௌனம் ஒரு சாராருக்கு வசதியாகவும் இன்னொரு சாராருக்கு வாய்ப்பூட்டாகவும் இருந்தது. தம் வரலாற்றைத் தாமே எழுதிப் பெருமைப்பட அந்த மக்களுக்கு உரிமை உண்டு. அதைச் சாதி வெறி என்று சொல்வது அநியாயம். அயோத்திதாசப் பண்டிதரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வளர்ந்ததும் நீலகிரி என்ற தேயிலை மலைதான். அங்கேதான் 1891-இல் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டித் தம் மக்களை இழிசொல்லால் அழைப்பதைச் சட்டப்படி தண்டிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார். 1907 முதல் அவர் நடத்திய ‘தமிழன்’ இதழ் கோலார் தங்கவயல், பர்மா, தென்னாப்பிரிக்கா வரை தொழிலாளரிடம் போயிற்று. நீலகிரியில் கணக்கராக வேலை பார்த்த இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் தம் பத்திரிகைக்குப் ‘பறையன்’ என்றே பெயர் வைத்தார். பின்னால் அம்பேத்கரோடு இலண்டன் வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்தார். நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்த இரண்டு பெயர்களும் தெரியும்? அடுத்த இதழிலிருந்து இவர்களைப் பற்றியும், நம் நாட்டுத் தோட்டங்களில் இந்த மக்கள் கட்டிய கோயில்கள், சங்கங்கள், பள்ளிகள் பற்றியும் தொடர் வரும்.

   

மணமாலைப் பகுதி ஒன்று தொடங்கும்படி உங்களில் பலர் கேட்டு வருகிறீர்கள். தொடங்குகிறோம். பெயர், வயது, படிப்பு, வேலை, விருப்பம் போடலாம். சாதி போட இடமில்லை, பணம் கொடுத்தாலும் இல்லை. சாதி கேட்டு வரும் விளம்பரம் திருப்பி அனுப்பப்படும். இதனால் வருமானம் குறையும் என்று விளம்பரப் பிரிவு கணக்குக் காட்டியது. குறையட்டும்.

பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பிள்ளைக்கு வரன் தேடும்போது பையன் குடிக்கிறானா, கை நீட்டுகிறானா, கடனில் இருக்கிறானா என்று ஆயிரம் கேள்வி கேளுங்கள், கேட்டே ஆக வேண்டியவை அவை. தாத்தா ஊரில் எந்தப் பக்கத்தில் குடியிருந்தார் என்று கேட்காதீர்கள். உங்கள் அண்ணனோ மாமாவோ கேட்டால் அந்த இடத்திலேயே தடுத்து நிறுத்துங்கள். கேட்பவர் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும் சரி.

கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்களிடமும் உறுப்பினர்களிடமும் இன்னொன்று. திருவிழா உபயப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். சாதியின் பெயரால், அல்லது எல்லோருக்கும் புரியும் வேறு பெயரால், நாள் பிரிக்கப்பட்டிருந்தால் அதைக் குடும்பங்களின் பெயராலோ வட்டாரங்களின் பெயராலோ மாற்றலாம். யார் வேண்டுமானாலும் எந்த நாளுக்கும் பணம் கட்டலாம் என்று ஒரு தீர்மானம் போதும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒருவர் முன்மொழிந்து ஒருவர் வழிமொழிந்தால் அது நிகழ்ச்சி நிரலில் வந்துவிடும். இந்த ஆண்டுக் கூட்டத்திலேயே முன்மொழியுங்கள்.